அழிப்பான் இல்லாத பென்சில்

பள்ளி உளவியலாளர் ஆவதற்கான பயிற்சியில் சேர்ந்த முதல் மாதத்தில் என்னிடமிருந்து பறிக்கப்பட்டது ஒரு சொல். எட்டு ஆண்டுகள் கணக்கு ஆசிரியையாக இருந்தவள் நான். ஒரு குழந்தை சரியான விடையைச் சொல்லி முடிப்பதற்குள் ‘வெரி குட்’ என்று என் வாய் முந்திக்கொள்ளும். தரப்படுத்தப்பட்ட சோதனை ஒன்றை, அதாவது எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரே விதமாக நடத்தவேண்டிய சோதனையை, நடத்தும்போது அப்படிச் சொல்லக்கூடாது. ஒரு கேள்விக்கு ‘வெரி குட்’ என்று சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் பேசாமல் இருந்தால், இரண்டாவது விடை தவறு என்பதைக் குழந்தை அந்த மௌனத்திலிருந்தே கண்டுபிடித்துவிடும். அதன்பிறகு அது கேள்விக்கு விடை சொல்லாது, நம் முகத்தைப் பார்த்துத்தான் விடை சொல்லும். ‘நன்றாக முயற்சி செய்கிறாய்’ என்று முயற்சியைப் பாராட்டலாம், விடையைப் பாராட்டக்கூடாது. எழுதும்போது எளிதாகத் தெரிகிற இந்த விதியைக் கைக்கொள்ள எனக்கு நான்கு மாதங்கள் ஆயின.

என் முதல் பயிற்சிச் சோதனையைப் படம்பிடித்து மேற்பார்வையாளரிடம் கொடுத்திருந்தேன். அவர் ஒலியை முழுவதுமாக நிறுத்திவிட்டு அந்தக் காணொளியை ஓடவிட்டார். “இப்போது எந்தெந்த விடை சரி, எந்தெந்த விடை தவறு என்று சொல்லுங்கள்” என்றார். சொல்ல முடிந்தது. சரியான விடை வந்தபோதெல்லாம் என் புருவம் உயர்ந்தது, பென்சில் வேகமாக ஓடியது. தவறான விடைக்குத் தலை சற்றே ஒரு பக்கம் சாய்ந்தது. எதிரில் உட்கார்ந்திருந்த ஏழு வயதுச் சிறுமி ஒவ்வொரு விடைக்குப் பிறகும் என் பென்சிலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து சரியோ தவறோ, எந்த விடைக்கும் ஒரே அளவுக்கு எழுதப் பழகினேன். எழுத எதுவும் இல்லாவிட்டாலும் பென்சிலை அதே வேகத்தில் அசைப்பேன்.

இந்தத் துறையில் சேரப்போகிறேன் என்று சொன்னபோது தெரிந்தவர்கள் எல்லோரும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: “பிள்ளைகளுக்குக் கவுன்சிலிங் கொடுக்கப்போகிறாயா?” கவுன்சிலிங்கும் உண்டு, ஆனால் அது வேலையில் ஒரு பங்கு மட்டுமே. ஒரு குழந்தை ஏன் படிக்கத் திணறுகிறது, ஏன் சண்டை போடுகிறது, ஏன் பேசாமல் இருக்கிறது என்று பல வழிகளில் ஆராய்வது ஒரு பங்கு. கண்டறிந்ததை வைத்து ஆசிரியர்களோடும் பெற்றோர்களோடும் சேர்ந்து ஏதாவது ஒன்றை மாற்றிப் பார்ப்பது இன்னொரு பங்கு. பள்ளியில் ஒரு மரணமோ விபத்தோ நிகழ்ந்தால் அடுத்த நாள் காலை என்ன சொல்வது, யார் சொல்வது என்று திட்டமிடுவதும் இதில் சேரும். மருத்துவமனையில் இருக்கும் உளவியலாளரிடம் குழந்தையை அழைத்து வருகிறார்கள். பள்ளி உளவியலாளரோ குழந்தை பகல் முழுவதும் இருக்கும் இடத்துக்குள்ளேயே போய் உட்காருகிறார். இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைத்தான் இந்தப் பயிற்சி முழுவதும் எனக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறது என்று இப்போது தோன்றுகிறது. குழந்தைக்குள் என்ன இருக்கிறது என்று கேட்பதற்கு முன், குழந்தை எதற்குள் இருக்கிறது என்று கேட்கவேண்டும்.

பயிற்சியின் அமைப்பு நாட்டுக்கு நாடு மாறுகிறது. அமெரிக்காவில் தேசியப் பள்ளி உளவியலாளர் சங்கத்தின் தரநிலைப்படி முதுகலைக்கு மேற்பட்ட ஒரு சிறப்புநிலைப் படிப்பும், அதன் இறுதியில் குறைந்தது 1,200 மணி நேர உள்ளகப் பயிற்சியும் (இன்டர்ன்ஷிப்) வேண்டும். அதில் 600 மணி நேரமாவது பள்ளியில் கழிந்திருக்கவேண்டும். இங்கிலாந்தில் கல்வி உளவியலாளர் என்று அழைக்கப்படும் இதே பணிக்கு 2006-லிருந்து மூன்றாண்டு முனைவர் படிப்பு தேவைப்படுகிறது. தனிப் படிப்பே இல்லாத நாடுகளும் உண்டு; அங்கே உளவியல் முதுகலை முடித்தவர் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்து, தட்டுத் தடுமாறிக் கற்றுக்கொள்கிறார். பெயர்ப்பலகை எப்படி இருந்தாலும், கையில் பழகவேண்டிய வேலை ஏறத்தாழ ஒன்றுதான்.

முதல் பருவத்தில் வரலாறு ஒரு பாடமாக இருந்தது. சோதனைகளைக் கற்றுக்கொள்ள வந்த எனக்கு அது நேர விரயமாகப் பட்டது. இப்போது என்னைக் கேட்டால், அந்தப் பாடத்தை முடிக்காமல் எவர் கையிலும் சோதனைப் பெட்டியைக் கொடுக்கக்கூடாது என்பேன். 1896-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் லைட்னர் விட்மர் உளவியல் மருத்துவ நிலையம் ஒன்றைத் தொடங்கினார். அவரிடம் முதலில் வந்தவன் எழுத்துக்கூட்டி எழுத வராத ஒரு பதினான்கு வயதுச் சிறுவன். அவனை அழைத்து வந்தவர் அவனுடைய ஆசிரியை. விட்மர் ஆராய்ந்தபோது பையனின் கண்பார்வையிலும் கோளாறு இருந்தது தெரியவந்தது. அவனுக்குக் கண்ணாடி போடப்பட்டது. அதற்குப் பிறகுதான் பயிற்சி தொடங்கியது. இந்தத் துறையின் முதல் வழக்கே ‘முதலில் கண்ணைப் பார்’ என்று நமக்குச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறது. இன்றும் எந்தக் கோப்பைத் திறந்தாலும் நான் முதலில் தேடுவது பார்வைச் சோதனையும் செவிச் சோதனையும் எப்போது நடந்தன என்பதைத்தான். அடிக்கடி காதில் சீழ் வந்து பாதிக் காதோடு கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் குழந்தையை ‘கவனமில்லாதவன்’ என்று எழுதிவிடுவது மிக எளிது.

1904-இல் பிரெஞ்சு அரசு ஆல்பிரட் பினே உள்ளிட்ட ஒரு குழுவை அமைத்து, பள்ளியில் கூடுதல் உதவி தேவைப்படும் குழந்தைகளைக் கண்டறிய ஒரு வழி கேட்டது. மறு ஆண்டு பினேயும் தியோடர் சிமோனும் முப்பது பணிகள் கொண்ட ஓர் அளவுகோலை வெளியிட்டார்கள். உதவி செய்வதற்காகக் கண்டறிவது என்பதே அதன் நோக்கம். குழந்தையின் அறிவுத்திறனைப் பிறப்போடு வந்த மாறாத அளவாகக் கருதக்கூடாது என்பதில் பினே உறுதியாக இருந்தார். அவர் 1911-இல் இறந்தார். 1912-இல் வில்லியம் ஸ்டெர்ன் மன வயதை (எந்த வயதுக் குழந்தைகளின் அளவுக்குச் செய்கிறது என்பதை) உண்மை வயதால் வகுக்கும் கணக்கைக் கொண்டுவந்தார். 1916-இல் ஸ்டான்போர்டில் லூயிஸ் டெர்மன் அதை நூறால் பெருக்கி ஐ.க்யூ. (நுண்ணறிவு ஈவு) என்று பரப்பினார். உதவிக்குரிய குழந்தையைத் தேடப் பிறந்த கருவி, குழந்தைகளை வரிசைப்படுத்தி ஒதுக்கும் கருவியாக மாறுவதற்குப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளே போதுமாக இருந்தன. நான் பத்தாம் வகுப்பு மாணவர்களுக்கு விகிதம் சொல்லிக்கொடுத்தவள். ஒரு வகுத்தல் இவ்வளவு செய்யும் என்று அப்போது நினைத்ததில்லை.

இதன் விளைவு ஒருகட்டத்தில் நீதிமன்றம் வரை போனது. அமெரிக்காவின் கலிபோர்னியாவில், ஐ.க்யூ. மதிப்பெண்ணை வைத்துக் கறுப்பினக் குழந்தைகளை அறிவுத்திறன் குறைந்தோருக்கான வகுப்புகளுக்கு அளவுக்கு மீறி அனுப்புகிறார்கள் என்று 1971-இல் தொடரப்பட்ட வழக்கில், 1979-இல் தீர்ப்பு வந்தது. அந்தக் குழந்தைகளை அவ்வகை வகுப்புகளில் சேர்ப்பதற்கு இந்தச் சோதனைகளைப் பயன்படுத்தக்கூடாது என்று நீதிமன்றம் தடுத்தது. லாரி பி. வழக்கு என்று பெயர். எங்கள் வகுப்பில் இதைப் பற்றிய விவாதம் சூடாக நடந்தது. சோதனையே கூடாது என்றார்கள் சிலர். சோதனை இல்லாவிட்டால் ஆசிரியரின் கணிப்பு மட்டுமே மிஞ்சும், அது இதைவிடப் பாரபட்சமானது என்றார்கள் வேறு சிலர். இரண்டிலும் உண்மை இருக்கிறது. நான் இரண்டாவது கட்சி. ஆனால் முதல் கட்சிக்காரர் ஒருவர் பக்கத்திலேயே இருப்பது நல்லது என்று நினைப்பவள்.

சோதனைப் பயிற்சியைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. ஆனால் கேள்விகளை மட்டும் சொல்ல முடியாது. கேள்விகள் வெளியே தெரிந்துவிட்டால் சோதனையே பயனற்றுப் போகும் என்பதால் அவற்றைக் காப்பது எங்கள் தொழில் நெறிகளில் ஒன்று. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது சிறுபிள்ளை விளையாட்டு போலத் தெரியும்: வண்ணக் கட்டைகள், படப் புத்தகம், சில எண்களைச் சொல்லித் திருப்பிச் சொல்லச் செய்வது. உள்ளே ஒவ்வொரு அசைவுக்கும் விதி உண்டு. எண்களை நொடிக்கு ஒன்றாக, ஏற்ற இறக்கமில்லாத குரலில் சொல்லவேண்டும். இரண்டிரண்டாகச் சேர்த்துச் சொன்னால் அதுவே குழந்தைக்கு ஒரு துணையாகிவிடும். ஸ்டாப்வாட்ச் சத்தம் போடக்கூடாது. குழந்தைக்குக் கொடுக்கும் பென்சிலில் அழிப்பான் இருக்கக்கூடாது. அழித்து அழித்து எழுதத் தொடங்கினால் நேரம் போய்விடும், எங்கே தடுமாறியது என்ற தடயமும் போய்விடும். இவற்றையெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு, அதே நேரத்தில் எதிரில் இருப்பது ஒரு குழந்தை, அதற்குத் தண்ணீர் வேண்டியிருக்கலாம், கழிவறைக்குப் போகவேண்டியிருக்கலாம், வீட்டில் காலையில் சண்டை நடந்திருக்கலாம் என்பதையும் நினைவில் வைத்திருக்கவேண்டும். முதல் பத்துச் சோதனைகளில் என் கவனம் முழுவதும் கையேட்டில்தான் இருந்தது. பதினொன்றாவது சோதனையில்தான் குழந்தை கண்ணில் பட்டது என்று சொன்னால் மிகையில்லை.

இவ்வளவு கவனம் வைத்தும் நான் செய்த பெரிய தவறு எந்தக் கையேட்டிலும் இல்லாத இடத்தில் நடந்தது. ஜனவரி மாதத் தொடக்கம். விடைத்தாளின் மேல் மூலையில் சோதனை நடந்த தேதியை எழுதினேன்; புத்தாண்டு பிறந்து சில நாட்களே ஆகியிருந்ததால் பழக்க தோஷத்தில் பழைய ஆண்டையே எழுதிவிட்டேன். அதே தேதியைக் கணினியிலும் ஏற்றினேன். பிறந்த தேதியைக் கழித்துக் கணினி வயதைச் சொன்னது. அது கணக்கில் தவறவில்லை, நான் கொடுத்ததை வைத்துச் சரியாகவே கழித்தது. அந்தப் பையன் காகிதத்தில் ஒரு வயது இளையவன் ஆகிவிட்டான். இந்தச் சோதனைகளில் குழந்தை எத்தனை கேள்விக்கு விடை சொன்னது என்பது அப்படியே மதிப்பெண் ஆவதில்லை. அதே வயதுக் குழந்தைகளோடு ஒப்பிட்ட பிறகே மதிப்பெண் வருகிறது. தன்னைவிட ஒரு வயது குறைந்த பிள்ளைகளோடு ஒப்பிடப்பட்டதால், உண்மையில் திணறிக்கொண்டிருந்த பையன் சராசரிக்குள் பாந்தமாக வந்து உட்கார்ந்துவிட்டான். ‘ஆசிரியர் மிகைப்படுத்துகிறார் போலும்’ என்று நான் குறிப்பும் எழுதி வைத்திருந்தேன்.

மேற்பார்வையாளர் விடைத்தாளைத் திறந்ததும் மதிப்பெண் பக்கம் போகவில்லை. ஒரு விரலைத் தேதியின் மேல் வைத்துக்கொண்டு, “இந்தப் பையன் போன வருடமா வந்தான்?” என்று மட்டும் கேட்டார். அறிக்கை வெளியே போகவில்லை. எவருக்கும் தீங்கு நேரவில்லை. இருந்தாலும் அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. என்னை வருத்தியது தேதியைத் தவறாக எழுதியதைவிட அந்தக் குறிப்புத்தான். எண் ஒன்றைச் சொன்னது, ஆசிரியர் வேறொன்றைச் சொன்னார். இரண்டும் முரண்பட்டபோது நான் எண்ணைச் சந்தேகிக்கவில்லை, ஆசிரியரைச் சந்தேகித்தேன். எட்டு ஆண்டுகள் ஆசிரியராக இருந்த நானே.

சரியாக நடத்தப்பட்ட சோதனையிலும் எண்ணுக்கு ஒரு நடுக்கம் உண்டு. பெரும்பாலான நுண்ணறிவுச் சோதனைகளில் சராசரி 100, திட்ட விலக்கம், அதாவது மதிப்பெண்கள் சராசரியிலிருந்து சிதறும் அளவு, 15. ஏறத்தாழ 68 விழுக்காட்டினர் 85-க்கும் 115-க்கும் இடையில் வருவார்கள். ஒரு குழந்தை 88 பெற்றது என்றால், அளவீட்டுப் பிழையைக் கணக்கில் கொண்டு, அதன் உண்மையான மதிப்பெண் 82-க்கும் 94-க்கும் இடையில் எங்கேயோ இருக்கலாம் என்றுதான் சொல்ல முடியும். இதைப் புத்தகத்தில் எல்லோரும் படிக்கிறார்கள். ஆனால் பெற்றோர் எதிரில் அமர்ந்து “எவ்வளவு?” என்று கேட்கும்போது, ஒற்றை எண்ணைச் சொல்லிவிடவேண்டும் என்ற தூண்டுதல் எவ்வளவு வலுவாக எழுகிறது என்பது அங்கே உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும். இப்போது நான் எண்ணைச் சொல்வதற்கு முன் குழந்தை என்ன செய்தது என்பதைச் சொல்கிறேன். படம் பார்த்துக் கதையைக் கோவையாகச் சொன்னான். சொன்னதைக் காதால் கேட்டு மனத்தில் வைத்துக்கொண்டு வேலை செய்வதில் திணறினான். இதைக் கேட்கும் தாய் பெரும்பாலும் “ஆமாம், வீட்டிலும் இரண்டு வேலை சேர்த்துச் சொன்னால் ஒன்றைத்தான் செய்வான்” என்பார். அந்த ஒரு வாக்கியம் எண்ணைவிட எனக்கு உதவுகிறது.

மொழியும் இதில் குறுக்கே வரும். வீட்டில் ஒரு மொழி, பள்ளியில் வேறொரு மொழி என்று வாழும் குழந்தைகள் விளையாட்டுத் திடலில் சரளமாகப் பேசுவதைப் பார்த்துவிட்டு, பள்ளி மொழியிலேயே சோதனை நடத்திவிடலாம் என்று தோன்றும். மொழிக் கல்வி ஆய்வாளர் ஜிம் கம்மின்ஸ் காட்டியது இதுதான்: அன்றாட உரையாடல் மொழி ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளில் வந்துவிடும், பாடம் படிக்கவும் சிந்தித்து எழுதவும் தேவையான மொழி வர ஐந்திலிருந்து ஏழு ஆண்டுகள் ஆகும். இடைப்பட்ட அந்த ஆண்டுகளில் சோதனைக்கு வரும் குழந்தையிடம் நாம் அளப்பது அறிவையா மொழியையா என்பது எளிதில் பிரித்துச் சொல்ல முடியாத கேள்வி.

எனக்கு மிகவும் பிடித்தது வகுப்பறை நோக்கல். கடைசி வரிசையில் ஓரமாக உட்கார்ந்து, பதினைந்து நொடிக்கு ஒருமுறை குழந்தை அந்தக் கணத்தில் என்ன செய்கிறது என்று கட்டத்தில் குறிக்கவேண்டும். பாடத்தில் இருக்கிறதா, எழுந்து நடக்கிறதா, பேசுகிறதா. இதே அளவுக்குப் பக்கத்தில் இருக்கும் வேறொரு குழந்தையையும் குறிக்கவேண்டும் என்பது இதில் உள்ள நுட்பம். ‘எப்போதும் கவனம் சிதறுகிறது’ என்று அனுப்பப்படும் குழந்தையின் கட்டங்களையும், எந்தப் புகாரும் இல்லாத குழந்தையின் கட்டங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சில நேரம் பெரிய வேறுபாடு இருப்பதில்லை. கடைசிப் பாடவேளையில் யாருடைய கட்டமும் சுத்தமாக இருக்காது; கட்டம் போடும் என் கவனத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். மொழிப்பாட வகுப்பில் நாள்தோறும் தகராறு செய்கிறான், அருகில் இருப்பவனை இடிக்கிறான், ஆசிரியர் வெளியே நிறுத்துகிறார், மறுநாளும் அதே கதை. கோபக்காரப் பையன் என்பது எல்லோருடைய தீர்ப்பு. மூன்று நாட்கள் உட்கார்ந்து பார்த்தேன். முன்னால் என்ன நடந்தது, அவன் என்ன செய்தான், பின்னால் என்ன கிடைத்தது என்று மூன்று கட்டங்களில் எழுதுவது எங்கள் முறை. மூன்றாம் நாள்தான் கண்ணில் பட்டது. அந்த வகுப்பில் வரிசையாக ஒவ்வொருவராக எழுந்து ஒரு பத்தி உரக்கப் படிக்கவேண்டும். முதல் வரிசை தொடங்கியதும் பையனின் உதடு அசைந்தது, விரல் மேசைக்கு அடியில் ஒவ்வொன்றாக மடங்கியது. அவன் எண்ணிக்கொண்டிருந்தான். தனக்கு முன்னால் எத்தனை பேர், தனக்கு எந்தப் பத்தி வரும் என்று எண்ணி, அந்தப் பத்தியைத் தேடி எடுத்து, அதன் முதல் வரியில் விரலை வைத்து வாய்க்குள் முனகிப் பார்த்தான். வரவில்லை. தனக்கு முன்னால் இரண்டு பேர் மட்டுமே மிச்சம் இருந்தபோது பக்கத்துப் பையனை இடித்தான். வெளியே அனுப்பப்பட்டான். வாசலைத் தாண்டியதும் அவன் தோள்கள் தளர்ந்ததை நான் இருந்த இடத்திலிருந்தே பார்க்க முடிந்தது.

மூன்று கட்டங்களையும் நிரப்பினால் கதை தலைகீழாகிவிடுகிறது. ஆசிரியர் தண்டனை என்று நினைத்துக் கொடுத்தது அவனுக்கு விடுதலையாக இருந்தது. உரக்கப் படிக்கவேண்டிய தன் முறை வருவதிலிருந்து அவனைத் தப்பவைக்கும் அந்தத் ‘தண்டனை’ ஒவ்வொரு நாளும் அவன் தகராற்றை வலுப்படுத்திக்கொண்டிருந்தது. நடத்தையியலில் இதற்கு எதிர்மறை வலுவூட்டல் என்று பெயர். எழுத்தையும் ஒலியையும் இணைப்பதில் அவனுக்கு இருந்த சிரமம் பின்னர் நடந்த வாசிப்புச் சோதனையில் தெளிவாகத் தெரிந்தது. டிஸ்லெக்சியா என்று சொல்லப்படும் வாசிப்புக் குறைபாட்டின் மையத்தில் இருக்கும் சிரமம் அது. ஆனால் அதற்கு முன்பே ஆசிரியர் ஒன்று செய்தார். மறுநாள் அவன் படிக்கவேண்டிய பத்தியை முந்தைய நாளே காட்டிக் கொடுத்து வீட்டில் பழகி வரச் சொன்னார், உரக்கப் படிப்பதை விருப்பப்பட்டவருக்கு மட்டும் என்று மாற்றினார். தகராறு அன்றே நின்றுவிடவில்லை. குறைந்தது. அவ்வளவுதான் சொல்ல முடியும்.

கவனக்குறைவு, மிகைச் செயல்பாட்டுக் கோளாறான ஏடிஹெச்டி பற்றியும் இங்கே ஒரு வார்த்தை. ஆறு மாதங்களாவது நீடித்திருக்கவேண்டும், பன்னிரண்டு வயதுக்கு முன்பே அறிகுறிகள் தெரிந்திருக்கவேண்டும், ஒன்றுக்கு மேற்பட்ட சூழல்களில் தெரியவேண்டும் என்பவை அதற்கான வரையறைகளில் சில. ஒரே ஒரு பாடவேளையில் மட்டும் ‘ஏடிஹெச்டி’ வரும் குழந்தை என்று யாராவது சொன்னால், நான் அந்தப் பாடவேளையைப் பார்க்கக் கிளம்பிவிடுவேன்.

ஆசிரியர்களோடு சேர்ந்து வேலை செய்வதில் எனக்கு நல்ல பழக்கம் இருக்கும் என்று நினைத்திருந்தேன், நானும் ஆசிரியையாக இருந்தவள் என்பதால். முதல் அறிக்கையில் பதினான்கு பரிந்துரைகள் எழுதினேன். ஒவ்வொன்றும் சரியானது, ஒவ்வொன்றுக்கும் ஆய்வு ஆதாரம் இருந்தது. வகுப்பாசிரியர் பொறுமையாகப் படித்து முடித்துவிட்டு, “இதில் திங்கட்கிழமை காலை நான் எதைச் செய்யவேண்டும்?” என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. வகுப்பறையை விட்டு வெளியே வந்து ஓராண்டு முடிவதற்குள், ஒரு குழந்தைக்காகப் பதினான்கு காரியங்கள் செய்யும் நேரத்தில் மற்ற முப்பது குழந்தைகள் என்ன செய்துகொண்டிருப்பார்கள் என்பது எனக்கு மறந்துபோயிருந்தது. இப்போது மூன்றுக்கு மேல் எழுதுவதில்லை. அந்த மூன்றையும் எழுதுவதற்கு முன் ஆசிரியரிடம் பேசிவிடுகிறேன். பல நேரம் நான் நினைத்ததைவிட நல்ல யோசனை அவரிடமே இருக்கும், யாரும் கேட்டிருக்கமாட்டார்கள்.

அறிக்கை எழுதுவதே தனி வித்தை. மேற்பார்வையாளரின் சிவப்புப் பேனா அதிகம் அடித்தது ‘இயலாதவன்’ என்ற சொல்லைத்தான். “அன்று செய்யவில்லை என்பதுதான் உங்களுக்குத் தெரியும், இயலாது என்பது உங்களுக்கு எப்படித் தெரியும்?” என்று ஓரத்தில் எழுதுவார். கலைச்சொற்களையும் விடமாட்டார். ‘வொர்க்கிங் மெமரி குறைபாடு’ (கேட்டதை மனத்தில் வைத்துக்கொண்டு வேலை செய்வதில் சிரமம்) என்று எழுதினால், அதைப் படிக்கும் தந்தை பையனுக்கு ஞாபகமறதி நோய் என்று எண்ணிக்கொள்வார். அறிக்கையை ஒருநாள் அந்தக் குழந்தையே வளர்ந்து எடுத்துப் படிக்கும் என்பதை மனத்தில் வைத்து எழுதுங்கள் என்று அவர் ஒருமுறை சொன்னது முதல், எழுதி முடித்ததும் ஒருமுறை பதினெட்டு வயதுக்காரராக இருந்து படித்துப் பார்க்கிறேன். சங்கடமாக இருக்கும். அந்தச் சங்கடம் போகும்வரை திருத்துகிறேன்.

எளிதாகக் கடந்துபோக முடியாத ஒரு பாடவேளையைப் பற்றியும் சொல்லவேண்டும். தற்கொலை எண்ணம் இருக்கலாம் என்று ஐயப்படும் மாணவரிடம் எப்படிப் பேசுவது என்று நாங்கள் இருவர் இருவராக அமர்ந்து நடித்துப் பழகினோம். சுற்றி வளைக்காமல், அந்தச் சொல்லையே பயன்படுத்தி, நேராகக் கேட்கவேண்டும். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக விதைக்கப்படுவதில்லை என்பதை ஆய்வுகள் தெளிவாகக் காட்டியிருக்கின்றன. கேட்கும்போது பெரும்பாலும் நிம்மதிதான் ஏற்படுகிறது. இது தெரிந்திருந்தும், எதிரில் அமர்ந்திருப்பவர் சக மாணவி, இது நடிப்பு என்று தெரிந்திருந்தும், அந்தக் கேள்வியை முழு வாக்கியமாகச் சொல்ல என் நாக்கு எழவில்லை. “உனக்கு… அந்த மாதிரி…” என்று இழுத்தேன். பயிற்றுநர் நிறுத்தி, மீண்டும் சொல்லச் சொன்னார். ஏழாவது முறை குரல் நடுங்காமல் வந்தது. பிறகு உண்மையாகவே ஒரு மாணவியிடம் கேட்க நேர்ந்தபோது, அந்த ஏழு முறைகளுக்காகப் பயிற்றுநருக்கு மனத்துக்குள் நன்றி சொன்னேன்.

அதோடு சேர்ந்ததுதான் இரகசியம் காக்கும் நெறி. ‘நீ சொல்வதை யாரிடமும் சொல்லமாட்டேன்’ என்று நாங்கள் ஒருபோதும் சொல்லக்கூடாது. அது காப்பாற்ற முடியாத வாக்கு. உனக்கோ மற்றவருக்கோ ஆபத்து என்று தெரிந்தால், யாராவது உன்னைத் துன்புறுத்துகிறார்கள் என்று தெரிந்தால், நான் பெரியவர்களிடம் சொல்லியே ஆகவேண்டும் என்று பேச்சைத் தொடங்குவதற்கு முன்பே குழந்தைக்குப் புரியும் சொற்களில் சொல்லிவிடவேண்டும். அப்படிச் சொன்னால் பிள்ளைகள் பேசமாட்டார்கள் என்று பயந்தேன். பேசுகிறார்கள். எல்லை எங்கே என்று தெரிந்த பிறகு சற்றுத் துணிவாகவே பேசுகிறார்கள்.

இப்போது உள்ளகப் பயிற்சியின் நடுவில் இருக்கிறேன். 500 மாணவர்களுக்கு ஓர் உளவியலாளர் இருக்கவேண்டும் என்று அமெரிக்கச் சங்கம் பரிந்துரைக்கிறது. நான் இருக்கும் பள்ளியில் அந்த எண்ணிக்கை அதன் பக்கத்தில்கூட இல்லை. வாரத்துக்கு ஒரு மணி நேரம் மேற்பார்வையாளரைச் சந்தித்துப் பேசுகிறேன். முன்பெல்லாம் முடித்த வேலைகளைச் சொல்லப் போவேன். இப்போது முடிவெடுக்க முடியாதவற்றைக் கொண்டுபோகிறேன். அவருக்கும் அதுதான் பிடித்திருக்கிறது என்று நினைக்கிறேன். சென்ற வாரம் எனக்கும் சேர்த்துத் தேநீர் வரவழைத்தார்.

நாளைக் காலை ஒன்பது மணிக்கு ஒரு சிறுமி வருகிறாள். கோப்பில் இரண்டு வரிகள்தான் இருக்கின்றன: வகுப்பில் பேசுவதில்லை, தேர்வில் வெற்றுத்தாள் கொடுக்கிறாள். செவிச் சோதனைச் சீட்டு கோப்பில் இல்லை. அதை அலுவலகத்தில் கேட்டிருக்கிறேன். பெட்டியில் ஸ்டாப்வாட்ச் இருக்கிறது, ஒலி நிறுத்தியாயிற்று. அழிப்பான் இல்லாத பென்சில்கள் இரண்டு சீவி வைத்தாயிற்று. விடைத்தாளில் நாளைய தேதியை, ஆண்டையும் சேர்த்து, இப்போதே எழுதிவிட்டேன். பிறந்த தேதிக் கட்டம் மட்டும் காலியாக இருக்கிறது. கோப்பில் ஒரு தேதி இருந்தாலும், காலையில் அவளிடமும் ஒருமுறை கேட்டுவிட்டுத்தான் நிரப்புவேன். பேசாத பிள்ளைகூட தன் பிறந்தநாளைப் பெரும்பாலும் சொல்லிவிடும்.